பிந்தி வந்த பதில்

ஸுஹைர் அந்தப் படிவத்தைச் செய்து முடித்த அன்று அலுவலகத்தில் ஒரு பெரிய தட்டு நிறையக் குனாஃபா இனிப்பு வாங்கி வைத்தார்கள். சர்க்கரைப்பாகு விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே உம்மு கைஸ் படிவத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

உம்மு கைஸ்தான் அந்தத் தொண்டு அமைப்பின் தலைவி. சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் பாதி நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வரவேண்டிய நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர்கள் வேலை. காரும் ஓட்டுகிற ஆளும் இலவசம்; அம்மான் நகரத்தில் நல்ல மனசுள்ளவர்கள் தங்கள் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு வருவார்கள். உம்மு கைஸின் கணவரும் அப்படி ஒரு நோயாளியாக இருந்து இறந்துபோனவர். அவர் போனபிறகு சும்மா நின்ற காரை வைத்துத்தான் அந்த அம்மாள் இதை ஆரம்பித்தார். இப்போது ஜபல் அல்-வெய்ப்தே பகுதியில், ஒரு பழைய கல்வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள், ஓயாமல் அடிக்கும் தொலைபேசி, சம்பளம் வாங்கும் ஒரே ஊழியனாக ஸுஹைர்.

முன்பெல்லாம் எல்லாப் பதிவும் தொலைபேசியில்தான். “மசூதியைத் தாண்டி, கோழிக்கடைக்கு எதிரே, படிக்கட்டு ஏறினால் பச்சைக் கதவு” என்று முகவரி சொல்வார்கள். எழுதியதைப் படித்துப் போகும் ஓட்டுநருக்கு அந்த மலைகளில் எந்த மசூதி, எந்தக் கோழிக்கடை என்று தெரியாது. அதனால் நோயாளிகளின் வீட்டாரே தங்கள் கைபேசியில் பதிவு செய்துகொள்கிற மாதிரி இணையதளத்தில் ஒரு படிவம் வேண்டும் என்றார் உம்மு கைஸ். அதில் மூன்று முகவரிப் பெட்டிகள். எங்கிருந்து ஏற்றவேண்டும், எந்த மருத்துவமனை, திரும்ப எங்கே இறக்கவேண்டும். ஏற்றிய இடமும் இறக்கும் இடமும் பல பேருக்கு ஒன்றாக இருப்பதில்லை. சிகிச்சை முடிந்து துவண்டுபோய் வருகிறவர்கள் மகள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

முதல் பெட்டியில்தான் ஸுஹைர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தான். இரண்டெழுத்து அடித்தால் போதும், கீழே முகவரிகள் பட்டியலாக வந்து விழும். ஒன்றைத் தொட்டால் அது அப்படியே பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உம்மு கைஸ் சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே அடித்தார். வடக்கே எல்லையோரத்தில் இருக்கிற உம்மு கைஸ் என்ற ஊர் வந்து நின்றது.

“எங்க வீட்டுக்காரர் இருந்திருக்கணும். ஒரு ஊரையே கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் காலந்தள்ளினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இரண்டாவது பெட்டியில் அடித்தார். ஒன்றும் வரவில்லை. மூன்றாவதிலும் அப்படியே.

“முஹந்திஸ்,” என்றார். ஸுஹைரை அவர் இன்ஜினியர் என்ற அர்த்தத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். “முதல் பெட்டிக்கு மட்டும் மூளை வெச்சிருக்கே. மத்த ரெண்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தான் ஸுஹைர். முதல் பெட்டிக்கு எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலை அப்படியே நகல் எடுத்து இரண்டு தடவை கீழே ஒட்டினான். பெயர்களை மட்டும் அங்கங்கே மாற்றினான். மூன்று பெட்டியிலும் பட்டியல் வந்தது. மறுநாள் காலை உம்மு கைஸ் ஒரு பதிவைச் செய்துபார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

“நான் கடைசிப் பெட்டியில மருமக வீட்டைத் தொடுறேன், மேல என் வீடு மாறிப்போகுது. இது என் மகன் கல்யாணத்தன்னிக்கே நடந்ததுதான், இருந்தாலும் படிவத்திலயும் நடக்கணுமா?”

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கோ ஒரு பெயரை மாற்ற விட்டுப்போயிருந்தது. அதைத் தேடிச் சரிசெய்தான். அப்போது இரண்டாவது பெட்டியின் பட்டியல் மூன்றாவதின் கீழே போய் விரிந்தது. அதைச் சரிசெய்தான். ஒரு பட்டியல் மூடாமல் இன்னொன்றின்மேல் படுத்துக்கொண்டது. ஓர் இடத்தில் திருத்தியதை மற்ற இரண்டு இடங்களிலும் திருத்தவேண்டும். ஒன்றை மறந்தால் அங்கே இன்னொரு கோளாறு முளைக்கும். வாரம் முழுவதும் இதே கதை. உம்மு கைஸ் அவனைத் திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார்: சனிக்கிழமை உதவிக்கு ஒரு பெண் வருகிறாள் என்றார்.

வந்தவள் பெயர் ஸிவார். தெற்கே கெரக் ஊரைச் சேர்ந்தவள், நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை. விடுமுறை நாளைச் சும்மா கழிக்கப் பிடிக்காமல் வந்தாள். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, கையில் எள் தூவிய கஃக் ரொட்டியும் அவித்த முட்டையும். அதைப் பிட்டுத் தின்றுகொண்டே ஸுஹைரின் நிரலை மேலிருந்து கீழாக ஒரு தடவை வாசித்தாள். பெரிய இடத்திலிருந்து வந்தவள் எப்படிச் சிரிக்கப்போகிறாளோ என்று அவன் பக்கத்தில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எழுத்துமேல ஹம்ஸாக் குறி போட்டு எழுதினாலும் போடாம எழுதினாலும் ஒரே ஊர்னு கண்டுபிடிக்குதே, இது உங்க யோசனையா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றான்.

“நல்லா இருக்கு. எனக்குத் தோணியிருக்காது.” பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “இது மூணு வேலை இல்ல ஸுஹைர். ஒரே வேலை, மூணு தடவை எழுதியிருக்கு. அழிக்கட்டுமா?” என்றாள்.

அவன் தலையசைத்தான். அவள் முக்கால்வாசியை அழித்துவிட்டாள். ஒரு வாரம் தூக்கம் கெட்டு எழுதியது கண்ணெதிரே காணாமல் போனது.

அதன்பிறகு அவள் செய்ததை ஸுஹைர் பல நாள் நினைத்துப்பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய நிரலில் மூன்று பெட்டிகளும் ஒரே மேசை இழுப்பறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன; எதை யார் வைத்தது, யார் எடுத்தது என்று தெரியாத குழப்பம். ஸிவார் ஒரே ஒரு செயல்கூறு எழுதினாள். எந்தப் பெட்டியை அதனிடம் கொடுத்தாலும் அந்தப் பெட்டிக்கென்று தனிப் பட்டியல், தனி ஞாபகம் என்று செய்துகொடுத்துவிடும். ஒன்றின் சங்கதி இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது. பிறகு படிவத்தில் முகவரி கேட்கிற பெட்டிகளுக்கெல்லாம் ஓர் அடையாளச் சொல் வைத்தாள். பக்கம் திறந்ததும் நிரல் அந்தச் சொல் இருக்கிற பெட்டிகளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றாக அந்தச் செயல்கூற்றிடம் ஒப்படைக்கும். அவ்வளவுதான். மூன்று வரியில் முடிந்துபோனது.

இதெல்லாம் அவன் படிக்காதது இல்லை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். ஆனால் ஒருத்தி ரொட்டியைத் தின்றுகொண்டே, ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தாமல், வேண்டியது மட்டும் வேண்டிய இடத்தில் வந்து விழுகிற மாதிரி எழுதுவதை அவன் பார்த்ததில்லை. இன்னொன்றையும் கவனித்தான். பதிலாக வரும் முகவரிகளைப் பிரித்து அடுக்குகிற பகுதியை அவள் தொடவே இல்லை. அவன் எழுதியதையே வரி மாறாமல் எடுத்துத் தன் செயல்கூற்றுக்குள் வைத்துக்கொண்டாள். “நல்லா ஓடுறதை எதுக்கு நான் திரும்ப எழுதணும்” என்றாள். காலையில் அவள்மேல் இருந்த கடுப்பு மாலைக்குள் அவனுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

படிவம் மக்களிடம் போனது. தொலைபேசி அடிப்பது குறைந்தது. ஓட்டுநர்கள் வழி கேட்டுக் கத்துவது குறைந்தது. உம்மு கைஸ் மத்தியானத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மரமிய்யா இலை போட்ட தேநீர் குடிக்கிற அளவுக்கு நிலைமை முன்னேறியது.

அப்போதுதான் அபூ ராக்கான் தொலைந்துபோனார்.

அபூ ராக்கான் ஒரு வயதான நோயாளி. மகள் ஹதீல் வடக்கு ஹாஷ்மி பகுதியில், பள்ளிக்கூடத் தெருவில் புதிதாக வீடு பிடித்திருந்தாள். சிகிச்சை முடிந்ததும் அப்பாவை அங்கே கொண்டுவந்து விடச்சொல்லிப் பதிவு செய்திருந்தாள். காரில் ஏறியதும் அவர் தூங்கிவிட்டார். கார் போய் நின்றது தெற்கு ஹாஷ்மியில். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடத் தெரு இருந்தது. இதுதானே பெரியவரே உங்கள் மகள் வீடு என்று ஓட்டுநர் கேட்டார். புது வீட்டை ஒரே தடவைதான் பார்த்திருந்த அபூ ராக்கான், தூக்கக்கலக்கத்தில், இதுவாகத்தான் இருக்கும் என்று இறங்கிக்கொண்டார். படியிறங்கிக் கதவைத் தட்டினால் யாரோ ஒரு குடும்பம். கைபேசியில் உயிர் இல்லை. மேலே ஏறிவந்து தெருமுனை முடிதிருத்தகத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்து, தேநீர் கொடுத்து, அவர் கைபேசிக்கு மின்சாரமும் கொடுத்தார். அது விழித்துக்கொள்வதற்குள் ஹதீல் வடக்கு ஹாஷ்மி முழுவதும் செருப்புத் தேயத் தேடி, ஒவ்வொரு மருத்துவமனையாக அழுதுகொண்டே கேட்டுவிட்டாள்.

ஸுஹைர் பதிவை எடுத்துப் பார்த்தான். தெற்கு ஹாஷ்மி என்றுதான் இருந்தது. அவளுடைய கைபேசியிலிருந்து, அவளே தேர்ந்தெடுத்தது. ஹதீல், தான் வடக்கைத்தான் தொட்டதாகச் சத்தியம் செய்தாள். பாவம், அப்பாவுக்கும் ஓடி பிள்ளைகளுக்கும் ஓடி அலுத்துப்போன பெண், விரல் தவறியிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஸுஹைரும் அதையேதான் நம்பினான். அலுவலகத்தில் உட்கார்ந்து அதே முகவரியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கடைசியில் அவளுக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினான்: முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது தயவுசெய்து கவனமாகப் பாருங்கள்.

சனிக்கிழமை ஸிவார் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். அந்தச் செய்தியையும் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“சோதிச்சுப் பார்த்தேன்னீங்களே, எங்க உட்கார்ந்து?”

“இங்கதான்.”

“இந்தக் கம்ப்யூட்டர்ல? இந்த நெட்ல?”

ஆமாம் என்று தலையாட்டினான்.

“அந்தப் பொண்ணு வடக்கைத் தொட்டேன்னு சொல்லுதுன்னா, வடக்கைத்தான் தொட்டிருக்கும். வாங்க, போய்ப் பார்ப்போம்.”

வடக்கு ஹாஷ்மி சரிவில் முன்பக்கம் மூன்று மாடி, பின்பக்கம் பாதாளம் என்று கட்டிய வீடுகளில் ஒன்றின் அடித்தளத்தில் ஹதீல் குடியிருந்தாள். கதவைத் திறந்தவள் ஸிவாரை உள்ளே விட்டாள். ஸுஹைரை மேலும் கீழும் பார்த்தாள்.

“‘கவனமாகப் பாருங்கள்’னு எழுதினது நீங்கதானா?”

அவன் ஆமாம் என்றான். நல்லவேளையாக அபூ ராக்கான் சோபாவில் படுத்தபடியே அவனைக் காப்பாற்றினார்.

“உள்ள வா மகனே. அவ அப்படித்தான், அவங்கம்மா மாதிரி. எனக்கொண்ணும் குறையில்ல. அந்தக் கடைக்காரன் காசு வாங்காம எனக்குச் சவரம் பண்ணிவிட்டான். அடுத்த மாசமும் ஒரு தடவை தொலைச்சு விடுங்க.”

தேநீர் வந்தது. ஸிவார் ஹதீலிடம் எதையும் விளக்கவில்லை. கைபேசியைக் கையில் வாங்கக்கூட இல்லை. எப்போதும் செய்கிற மாதிரி ஒரு பதிவு செய்துகாட்டச் சொன்னாள். ஹதீல் கூடத்தில் உட்கார்ந்து அடித்தாள். சரியாக வந்தது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் சரியாகவே வந்தது. ஹதீலுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. தன்னையே சந்தேகப்படுகிற முகம் அது. ஸுஹைருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போதும், புறப்படலாம் என்று சொல்ல வாயெடுத்தான்.

“அன்னிக்கு எங்க நின்னுகிட்டுப் பதிவு பண்ணினீங்க?” என்று ஸிவார் கேட்டாள்.

ஹதீல் யோசித்தாள். அடுப்பில் பயறுக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது என்றும், ஒரு கையால் கிண்டிக்கொண்டு மறு கையால் அடித்ததாகவும் சொன்னாள்.

மூன்று பேரும் சமையலறைக்குப் போனார்கள்; இன்றும் அடுப்பில் அதே கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மலைப்பாறையைக் குடைந்து கட்டியது போன்ற அறை, சன்னல்கூட இல்லை. கைபேசியில் சமிக்ஞை ஒரு கோட்டுக்கு இறங்கியது. ஹதீல் ஒற்றைக் கட்டைவிரலால் பள்ளிக்கூடத் தெரு என்று அடித்தாள். அடுத்து ஹாஷ்மி, அடுத்து வடக்கின் முதல் எழுத்து. பட்டியல் வந்தது. முதல் வரியில் வடக்கு ஹாஷ்மி. அவள் கட்டைவிரல் அதன்மேல் இறங்குகிற கணத்தில் பட்டியல் லேசாகத் துள்ளியது. விரல் பட்டபோது முதல் வரியில் இருந்தது தெற்கு. பெட்டிக்குள் ஏறியதைப் பார்த்தால், அந்தச் சின்னத் திரையில் இடம் போதாமல் ‘பள்ளிக்கூடத் தெரு, ஹாஷ்மி’ என்பதோடு எழுத்து நின்றுவிட்டிருந்தது. வடக்கா தெற்கா என்பது பெட்டிக்கு வெளியே வெட்டுப்பட்டுப்போயிருந்தது.

“பார்த்தீங்கல்ல?” என்றாள் ஹதீல் மெதுவாக.

ஸுஹைர் ஸிவாரைப் பார்த்தான். தோற்றவள் முகம் அல்ல அது. காட்டில் எப்போதோ ஒருமுறை தென்படும் பறவையைப் பார்த்துவிட்டவள் முகம். இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. பிறகு ஹதீலின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க ஒவ்வொரு எழுத்தா அடிக்கும்போதும் அது ஒரு ஆளை அனுப்பி, இந்த எழுத்துல என்ன ஊர் இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொல்லுது. முதல்ல போனவன் வழியில மாட்டிக்கிட்டான். பின்னாடி போனவன் முந்தி வந்து சரியான பட்டியலைக் குடுத்துட்டான். நீங்க அதைத் தொடப் போறீங்க. அந்த நேரம் பார்த்து முதல் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்து, தெற்கு முதல் வரியில இருக்கிற தன்னோட பழைய பட்டியலை மேல வெச்சுட்டுப் போயிடறான்.”

“அப்போ என் கை தவறல.”

“உங்க கை எங்கயும் தவறல. எங்க நிரல்தான் தவறிப்போச்சு. நான் செஞ்சு குடுத்தது.”

பதிலை வாங்கிப் பட்டியலில் வைக்கிற அந்தப் பகுதி யாருடையது என்று ஸுஹைருக்குத் தெரியும். அவள் வரி மாறாமல் எடுத்துவைத்துக்கொண்டது அதைத்தான்.

“இல்ல, அது நான் எழுதினது” என்றான்.

“நான் படிச்சுட்டு, சரியா இருக்குன்னு உள்ள வெச்சது.”

“எழுதினவன் நான்தானே.”

கூடத்திலிருந்து அபூ ராக்கானின் குரல் வந்தது. “ஆளுக்குப் பாதியா எடுத்துக்குங்கப்பா. சண்டை எதுக்கு?”

ஹதீல் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். கஞ்சியை இறக்கிவைத்து எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றினாள். ஸுஹைரின் கிண்ணத்தில் எலுமிச்சம்பழமும் பிழிந்துவிட்டாள்.

அலுவலகத்துக்குப் போய்ச் சரிசெய்யலாம் என்று ஸுஹைர் நினைத்தான். சோதிக்கவேண்டிய இடம் இந்தச் சமையலறைதான் என்று சொல்லிவிட்டாள் ஸிவார். அங்கேயே மேசையில் மடிக்கணினியைத் திறந்து, அதை அவன் பக்கம் தள்ளினாள். தான் கஞ்சி குடிக்கப்போவதாகவும் அவன் எழுதட்டும் என்றும் சொன்னாள்.

அவன் எழுதினான். கேட்டு அனுப்புகிற ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுத்தான். கடைசியாகப் போன கேள்வியின் எண்ணோடு வருகிற பதிலுக்கு மட்டுமே கதவு திறக்கும். பழைய எண்ணோடு வருகிறவன் எவ்வளவு ஓடிவந்தாலும் வாசலோடு திரும்பவேண்டியதுதான். எழுத்துக்கு எழுத்து கேட்காமல், அடிக்கிற விரல் சற்று நின்றபிறகு ஒரே தடவை கேட்கச் செய்தான். திரையில் விரல் பட்டிருக்கும் வரை பட்டியல் அசையக்கூடாது என்று வைத்தான். தேர்ந்தெடுத்த முகவரி முழுவதும் வெட்டுப்படாமல் பெட்டிக்குக் கீழே பெரிய எழுத்தில் வரும்படி செய்தான். ஸிவார் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

“அந்த எண் பெட்டிக்கு ஒண்ணா, மூணு பெட்டிக்கும் சேர்த்து ஒண்ணா?”

அவன் பார்த்தான். சேர்த்து ஒன்றாகத்தான் வைத்திருந்தான். பழைய இழுப்பறைப் புத்தி. நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த ஒரு வரியைச் செயல்கூற்றுக்கு உள்ளே நகர்த்தினான். அவள் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டாள்.

ஹதீல் மறுபடியும் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அடித்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் கைபேசி. பட்டியல் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது அப்படியே நின்றது. விரலை வைத்து எடுத்தாள். வடக்கு. வேகமாக அடித்துப் பார்த்தாள், பாதியில் அழித்துவிட்டு அடித்துப் பார்த்தாள், வேண்டுமென்றே தப்பாக அடித்தும் பார்த்தாள். கொஞ்சநேரத்தில் அவளுக்கே அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

“இப்ப நகராம நிக்குது” என்றாள் கடைசியில். பிறகு ஸுஹைரிடம், இனி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ‘கவனமாகப் பாருங்கள்’ என்று எனக்கு எழுதலாம் என்றாள். அவன் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டான். உம்மு கைஸும் மறுநாள் ஹதீலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நாங்கள் எல்லோரும் உன்னைத்தான் தப்பாக நினைத்தோம் மகளே என்று தன் பங்குக்குச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஸுஹைர் ஸிவாரிடம் ஒன்று கேட்டான். பதிவில் தெற்கு என்று தெளிவாக இருந்தும், பார்த்திராத ஒரு பெண் சொன்னதை அவள் எப்படி உடனே நம்பினாள்?

“நிரல் எழுதுறவங்க எல்லாரும் முதல்ல அதைப் பயன்படுத்துற ஆளைத்தான் சந்தேகப்படுவோம், நானும்தான். அப்படிச் சந்தேகப்பட்டு ஒரு தடவை நான் நல்லா மூக்கறுபட்டிருக்கேன். எங்கன்னு கேக்காதீங்க” என்றாள். அவன் கேட்கவில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனத்தைவிட அந்தப் பதில்தான் அவனுக்கு அவளிடம் ரொம்பப் பிடித்தது.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுடைய நிறுவனம் அவளை அகபாவுக்கு மாற்றிவிட்டது. சனிக்கிழமைகளில் ஸுஹைர் மறுபடியும் தனியாளானான். ஒருநாள் உம்மு கைஸ் புதிதாக ஒன்று கேட்டார். திரும்பி வருகிற வழியில் மருந்துக்கடையில் நிறுத்தச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள், அதற்கும் படிவத்தில் ஒரு முகவரிப் பெட்டி வேண்டும், ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றார். பழைய வாரத்தை அவர் மறக்கவில்லை.

ஸுஹைர் படிவத்தில் ஒரு பெட்டியைச் சேர்த்தான். அதற்கு அந்த அடையாளச் சொல்லை வைத்தான். நிரலைத் திறக்கவே இல்லை. பக்கத்தைப் புதுப்பித்து, அந்தப் பெட்டியில் இரண்டெழுத்து அடித்தான். பட்டியல் வந்து விழுந்தது. அம்புக்குறி விசைக்கு இறங்கியது, விரலுக்கு அசையாமல் நின்றது, மற்ற மூன்றில் எதையும் தொந்தரவு செய்யவில்லை. பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல இருந்தது. உம்மு கைஸ் இன்னும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

அவன் ஸிவாருக்கு எழுதினான்: நான்காவது பெட்டி சேர்த்தேன், நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை, அதுவாகவே ஓடுகிறது.

கொஞ்சநேரம் கழித்துப் பதில் வந்தது. “எங்க சோதிச்சீங்க?”

ஸுஹைர் சிரித்துக்கொண்டே மேலங்கியை மாட்டினான். வடக்கு ஹாஷ்மிக்குப் போய்வருவதாக உம்மு கைஸிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கினான்.